பட்டியலின் இரண்டாம் பக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் நெடுந்தூரம் போக நினைப்பவர்கள் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ கிளம்புவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. காற்று மட்டும் வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து தெற்கே போனால் அந்தக் காற்று முதுகைத் தள்ளிவிடும். அதே சாலையில் தெற்கிலிருந்து வடக்கே வந்தால் முகத்தில் அறையும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கு.

பழக்கமில்லாதவர்கள் ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. முதல் நாள் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம். இரண்டாம் நாள் உப்பளங்களைப் பார்த்தபடி மரக்காணம். மூன்றாம் நாள் புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர். பிறகு சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா என்று போய், கட்டுமாவடியில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழையலாம். பத்து நாள் வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காமல் போகலாம். கடற்கரைச் சாலை என்று பெயரே தவிர, கடல் கண்ணில் படுவது கொஞ்சம்தான். பாதி வழி சவுக்குத் தோப்பும் சுற்றுச்சுவரும், மீதி வழி வயலும் வாய்க்காலும். கூடுதலாக இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஸ்பானர், செயினுக்கு எண்ணெய். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

நாங்கள் ஆறு பெண்கள் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது, முதல் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாம் பக்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. எந்த ஊரில் ஆண் துணை இல்லாத பெண்களுக்குக் கேள்வி கேட்காமல் அறை கொடுப்பார்கள்? எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை பூட்டாமல் இருக்கும்? யாருக்கு எந்தத் தேதியில் மாதவிடாய்? சுடிதாரா, பேண்ட்டா? இருட்டுவதற்குள் எந்த ஊரை அடைய முடியும்? ஒருத்தியின் மாமியாருக்கு இரவு மாத்திரை யார் கொடுப்பது? இன்னொருத்தியின் மகனுக்குத் திருப்புதல் தேர்வு எப்போது? கடைசி வரி எல்லோருக்கும் பொது: வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது?

இந்த இரண்டாம் பக்கம் நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. பெண் சைக்கிளில் ஏறிய நாள் முதல் இது எழுதப்பட்டு வருகிறது.

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ரோவர் வண்டி, 1885இல் இங்கிலாந்தில் வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்த வேகத்துக்கு உடை வரவில்லை. தரையைத் துடைக்கும் பாவாடை, உள்ளே அடுக்கடுக்காக உள்பாவாடை, இடுப்பை இறுக்கும் கார்செட். உடையை மாற்றுவதைவிட வண்டியை மாற்றுவது எளிது என்று உற்பத்தியாளர்கள் முடிவு செய்தார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் கம்பியை எடுத்துவிட்டு, வளைந்த கம்பியைக் கீழே இறக்கினார்கள். செயினுக்கு மூடி, பின் சக்கரத்துக்கு வலை. அப்படிப் பிறந்ததுதான் லேடீஸ் சைக்கிள். மேல் கம்பி போனதால் குறைந்த உறுதியை ஈடுகட்டத் தடித்த குழாய்களைப் போட வேண்டியிருந்தது. எடை கூடியது. பெண்ணின் உடம்புக்காகச் செய்த வண்டி என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் அது பெண்ணின் பாவாடைக்காகச் செய்த வண்டி.

இந்த வேறுபாட்டைத் தன் தொடையிலும் முதுகிலும் தெரிந்துகொண்டவர் ஆனி கோப்சோவ்ஸ்கி. லாட்வியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம், பாஸ்டனில் வீடு, கணவர், மூன்று சின்னப் பிள்ளைகள். 1894 ஜூனில் உலகைச் சுற்றப் போகிறேன் என்று சைக்கிளில் கிளம்பினார். லண்டன்டெரி என்ற ஊற்றுநீர் கம்பெனி 100 டாலர் கொடுத்து, தன் பெயர்ப்பலகையை வண்டியில் மாட்டிக்கொள்ளச் சொன்னது. அவர் பலகையை மாட்டியதோடு நிற்காமல் அந்தப் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார். ஆனி லண்டன்டெரி என்றுதான் வரலாறு அவரை அறியும். தன் உடையிலும் வண்டியிலும் இடம் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்த ஒருவரை இன்றைய விளையாட்டு வீரர்களின் முன்னோடி என்று சொல்லலாம்.

அவர் முதலில் ஏறியது பெண்களுக்கான கொலம்பியா சைக்கிள். எடை 42 பவுண்டு, ஏறக்குறைய 19 கிலோ. உடுத்தியிருந்தது நீளப் பாவாடை. சிகாகோ போய்ச் சேர்வதற்குள் கோடை முடிந்துவிட்டது. அங்கே திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். பனிக்காலத்தில் மேற்கே போக முடியாது, ஆகவே திரும்பி கிழக்கே போய்க் கப்பல் ஏறுவது. கனமான வண்டியை விட்டுவிட்டு ஸ்டெர்லிங் ஆண்கள் சைக்கிளை வாங்கினார். அதன் எடை பாதிதான், 21 பவுண்டு. பாவாடையைக் கழற்றிவிட்டுத் தொளதொளக் கால்சட்டைக்கு மாறினார். பிரான்ஸ், எகிப்து, கொழும்பு, சிங்கப்பூர், ஜப்பான் என்று பெரும்பகுதி கப்பலிலும் மிச்சம் சைக்கிளிலுமாகச் சுற்றி, 1895 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார். அங்கிருந்து கலிஃபோர்னியா வழியாகத் தெற்கே ஓட்டி, செப்டம்பரில் சிகாகோவை அடைந்தார். பத்திரிகைகளுக்கு அவர் சொன்ன கதைகளில் பொய் நிறைய. ஒரு ஊரில் அநாதை, ஒரு ஊரில் பணக்கார வாரிசு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், சைக்கிளைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தங்குமிடத்தின் கதை வேறு. இங்கிலாந்தில் சைக்கிள் பயணிகளுக்கென்று 1878லேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. எந்த ஊரில் எந்த விடுதி, என்ன விலை என்று பட்டியல் போட்டு, ஒப்பந்தம் செய்த விடுதிகளின் வாசலில் தன் சின்னத்தையும் மாட்டியது. திட்டமிட்டுப் பயணம் போவது என்பதையே பழக்கமாக்கியது இத்தகைய சங்கங்கள்தாம். 1898 அக்டோபரில் லேடி ஹார்பர்ட்டன் லண்டனுக்குத் தெற்கே ஆக்கம் என்ற ஊரில் அப்படி ஒரு விடுதிக்குச் சாப்பிடப் போனார். பெண்களின் உடை உடம்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அவர். அன்றும் கால்சட்டைதான் போட்டிருந்தார். விடுதியை நடத்திய பெண்மணி அவரை உணவுக்கூடத்தில் உட்கார விடவில்லை. வேண்டுமானால் ஆண்கள் புகைபிடித்துக் குடிக்கும் அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். சைக்கிள் சங்கம் வழக்குப் போட்டது. 1899இல் தோற்றது. உணவு மறுக்கப்படவில்லையே, வேறு அறையில் கொடுக்க முன்வந்தார்களே என்பதுதான் எதிர்வாதம்.

இந்தக் கடைசி வாதத்தை நம் ஊரில் கேட்காத பெண் உண்டா? "ரூம் இல்லைன்னு சொல்லலையே மேடம், ஃபேமிலின்னா கொடுப்போம்." இந்தப் பயணத்துக்காக விசாரித்ததில் ஒரு லாட்ஜில் எங்களிடமும் அதையே சொன்னார்கள். ஆறு பெண்கள் குடும்பம் ஆக மாட்டார்கள். ஆறு பேரோடு ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்தால் ஆகிவிடுவார்கள்.

ஆனி கப்பலில் கடந்த கீழ்த்திசையை சைக்கிளிலேயே கடந்தவர் ஃபேனி புல்லக் வொர்க்மன். அமெரிக்கர், ஒரு மாகாண ஆளுநரின் மகள். கணவர் வில்லியமோடு அல்ஜீரியா, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ஓட்டிப் பழகி, 1897இல் இந்தியாவுக்கு வந்தார். தென்முனையிலிருந்து இமயமலை வரை ஓட்டினார்கள். நூலின் தலைப்பிலேயே 14,000 மைல் என்று போட்டிருக்கிறார்கள். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு போர்வை, மருந்துப்பெட்டி, ரிப்பேர் சாமான், எழுதத் தாள். இதுதான் மூட்டை. கூடியமட்டும் ரயில் பாதையை ஒட்டியே போனார்கள், தேவையானது கிடைக்கும் என்பதற்காக. நாளொன்றுக்கு 40 பஞ்சர் வரை ஒட்டிய நாட்கள் உண்டாம். நம் கருவேல முள்ளைத் தெரிந்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. ஃபேனி கடைசிவரை பாவாடையிலேயே ஓட்டினார். பிறகு மலையேறியானபோதும் பாவாடைதான். 1912இல் சியாச்சென் பனிப்பாறையில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் நாளிதழை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவருடைய புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படத்தை நானும் ரசிக்கிறேன். ஆனால் அவருடைய பட்டியலில் சில வரிகள் ஏன் தேவைப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இரவு எங்கே படுப்பது? அரசு கட்டிவைத்த பயணியர் பங்களாக்களின் கதவு வெள்ளைத் தோலுக்குத் திறக்கும். யார் சமைப்பது, யார் சுமப்பது? சுமந்தவர்களோடு அவருக்கு ஓயாத சண்டை. அவர்களைப் பற்றி எழுதிய பக்கங்களில் ஆள்பவர்களின் குரல் அப்பட்டமாகக் கேட்கிறது. பிள்ளையை யார் பார்ப்பது? மகளைப் பள்ளி விடுதியிலும் பணியாளர்களிடமும் விட்டுவிட்டுத்தான் வந்தார். இரண்டாம் பக்கத்தை அவர் ஒழிக்கவில்லை. வேறு பெண்களின் கையிலும் நம் ஊர்க் கூலிகளின் தலையிலும் இறக்கி வைத்திருந்தார்.

சாலைக்கும் ஒரு நிறம் உண்டு. அமெரிக்காவில் நல்ல சாலைகள் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் கார்க்காரர்கள் இல்லை, சைக்கிள்காரர்கள். அந்த இயக்கத்தை நடத்திய சங்கம் 1894இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆஸ்பரி பார்க் என்ற கடற்கரை ஊரில் அதன் கூட்டம் நடந்தது. அங்கே சைக்கிளில் வந்து நின்றார் கிட்டி நாக்ஸ். பாஸ்டன் தையல்காரி, கறுப்பினத்தவர், வயது 20. கால்சட்டை உடுப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விதி வருவதற்கு முன்பே உறுப்பினராகிவிட்டவர் அவர். அதனால் அவரை எப்படி வெளியே தள்ளுவது என்று சங்கம் திணறியது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 1900இலேயே அவர் இறந்துபோனார். அந்த நிறவிதியை முறையாக நீக்க அந்தச் சங்கத்துக்கு 1999 வரை ஆனது.

தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. ஊர்த்தெரு வழியே தலித்துகள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கெல்லாம் இருந்தது என்பது ஆய்வறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2001-02இல் விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் மேல்நிலை வகுப்புப் பட்டியலின, பழங்குடி மாணவியர் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன தெருக்களில் அரசு கொடுத்த சைக்கிளில் பெண் பிள்ளைகள் போனார்கள். 2005-06க்குப் பிறகு அது எல்லாருக்குமான திட்டமானதும், இந்தத் தொடக்கம் மறந்துபோனது.

எங்கள் பட்டியலில் அதிகம் அடித்து அடித்து எழுதப்பட்டது பணத்தைப் பற்றிய வரியோ பாதுகாப்பைப் பற்றிய வரியோ இல்லை. நாட்களைப் பற்றிய வரி. பத்து நாள் என்று எழுதி, எட்டாக்கி, ஆறாக்கி, மறுபடி பத்தாக்கினோம். அப்போதெல்லாம் எனக்கு அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி நினைவுக்கு வந்தார். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன, ஒரு பழைய சைக்கிள், ஓர் உலக வரைபட நூல். சில நாள் கழித்து ஊர் மேட்டில் மிதித்து ஏறும்போது, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியா போய்விடலாமே என்று தோன்றியதாம். அது 1941 டிசம்பர். அவர் கிளம்பியது 1963 ஜனவரி.

நடுவில் 21 ஆண்டுகள். தாய் மூட்டுவாதத்தால் முடங்கியவர். டெர்வ்லா 14 வயதில் பள்ளியை விட்டு நின்று, வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். 1962இல் தாய் இறக்கும்வரை அது தொடர்ந்தது. டெர்வ்லாவைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் அவருடைய கைத்துப்பாக்கியைச் சொல்கிறார்கள், ஓநாய்களைச் சொல்கிறார்கள், ஐரோப்பாவின் அந்த வருடத்துக் கொடும்பனியைச் சொல்கிறார்கள். அந்த 21 ஆண்டுகள் முன்னுரையில் ஒரு பத்தியோடு போய்விடும். எனக்கு அதுதான் கதை. பயணத்துக்கு வேண்டிய துணிச்சல் அவரிடம் பத்து வயதிலேயே இருந்தது. இல்லாதிருந்தது, தன் நேரம். ஒரே மகள் என்பதால் அது அவருடைய கடமை என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகனாக இருந்திருந்தால் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நேரம் கைக்கு வந்தபின் அவர் போட்ட திட்டம் அழகானது. மோசமான சாலையில் கியர் தாங்காது என்று கியரைக் கழற்றி எறிந்தார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைத்தார். வண்டிக்கு ரோஸ் என்று பெயர். டான் குயிக்ஸாட்டின் குதிரை ரோஸினாந்தேயின் சுருக்கம். அந்த ஜூலையில் டெல்லியை அடைந்தபோது செலவு 64 பவுண்டு சொச்சம். அதையும் கணக்கு எழுதி நூலில் போட்டார். பெரிய இடத்துப் பெண்ணின் பயணம் இது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கணக்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் தனி ஆட்கள். ஆனியும் ஃபேனியும் டெர்வ்லாவும் போய்விட்டு வந்தபின் அவரவர் ஊர்ப் பெண்களின் இரண்டாம் பக்கம் ஒரு வரிகூடக் குறையவில்லை. அந்தப் பக்கத்தை ஒரு மாவட்டமே சேர்ந்து கிழித்த ஒரு காலம் நம்மிடம் உண்டு. நாங்கள் போக நினைக்கும் சாலையின் தென்பகுதி அந்த மாவட்டத்தின் கடலோரம் வழியாகத்தான் போகிறது.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். காரணம் மிக எளிமையானது. கற்பிக்கப் போகும் பெண் தொண்டர்கள் உள்கிராமங்களுக்குப் போய் வர வேண்டும். பேருந்து நேரத்துக்கு வராது, பல ஊர்களுக்கு வரவே வராது. அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட வேண்டும் என்றால், அவர்களுக்கு மனமும் நேரமும் இருக்கும் அன்றைக்குத்தான் வகுப்பு. ஆகவே பெண்கள் தாங்களே ஓட்ட வேண்டும். தொண்டர்கள் கற்றார்கள், அவர்களைப் பார்த்துப் படிக்க வந்தவர்கள் கற்றார்கள், கற்றவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முகாம்கள் நடந்தன. முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தார்கள். அந்த இயக்கக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை வட இந்தியப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாக வைக்கப்பட்டது. புதுக்கோட்டைப் பெண்களின் கதையை நம் பிள்ளைகளைவிட பாட்னா பிள்ளைகள் நன்றாகச் சொல்லக்கூடும்.

யார் கற்றார்கள் என்று பாருங்கள். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்தவர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள். வேலைக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் போனார்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் கேரியரில் இன்னொன்று, அதன் நடுவே ஒரு குடம். கேலிப் பேச்சு கேட்டார்கள். கேட்டும் ஓட்டினார்கள். ஒரே தெருவில் ஒருத்தி ஓட்டினால் அது ஒழுக்கப் பிரச்சினை. ஐம்பது பேர் ஓட்டினால் கேலி செய்கிறவனுக்கு வாய் வலிக்கும். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள், சிலர் வேறு காரணம் எதுவும் இல்லாமல் சாயங்காலம் அரை மணி நேரம் ஓட்டுவதற்காகவே. எனக்கு இந்த அரை மணி நேரம் முக்கியம். தண்ணீர் கொண்டுவருவதற்காக சைக்கிள் என்றால் குடும்பம் ஒப்புக்கொள்ளும். காற்று வாங்குவதற்காக சைக்கிள் என்று ஒரு கூலிக்காரப் பெண் சொல்லத் தொடங்குகிற இடத்தில்தான் சுற்றுலா என்ற சொல் பெண்ணுக்கும் பொருந்தத் தொடங்குகிறது.

இன்னொன்று. லேடீஸ் சைக்கிள் அப்போது போதிய அளவு கிடைக்கவில்லை. கவலைப்படாமல் ஜெண்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். அதையே விரும்பியவர்களும் நிறைய. மேல் கம்பி இருந்தால் அதில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! சிகாகோவில் ஆனி எடைக்காக ஆண்கள் வண்டிக்கு மாறினார், புதுக்கோட்டையில் பிள்ளைக்காக மாறினார்கள். பாவாடைக்காக வளைத்த கம்பியை இரண்டு இடத்திலும் பெண்கள் தங்கள் கணக்கைப் போட்டு நிராகரித்திருக்கிறார்கள்.

நாங்கள் போகிற சாலையே இந்தப் பெண்களுக்குப் பிறகு வந்ததுதான். சென்னையிலிருந்து புதுச்சேரி வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை, மீனவக் கிராமங்களை இணைத்த சின்னச் சின்னச் சாலைகளை 1990களில் அகலப்படுத்தி ஒன்றாக இணைத்ததால் உருவானது. பிறகு சுங்கச்சாவடி, பண்ணை வீடுகள், கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன. காரில் போகிறவர்களுக்கு இது சனிக்கிழமை இரவின் சாலை. 2025 ஜனவரியில் முட்டுக்காடு அருகே பெண்கள் போன காரை இன்னொரு காரில் வந்த ஆண்கள் விரட்டி வழிமறித்த காணொளி பரவியது. கார் இருந்தால் பாதுகாப்பு என்று சைக்கிள் வேண்டாமென்றவர்கள் அதன் பிறகு, ராத்திரியில் ஏன் போனார்கள் என்று கேட்டார்கள். எங்கள் பட்டியலில் பாதுகாப்புக்கு நாங்கள் எழுதியிருப்பது, விடிந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடிப்பது. அதுவும் வெயிலுக்காகத்தான் என்று அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்தச் சாலையில் விடிவதற்கு முன்பே கிளம்பும் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மடியில் இறங்கிய மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் அடுக்கி, தலையில் வைத்து ஊர் ஊராக விற்பவர்கள். அவர்களுடைய பயணத் திட்டத்தில் பெரிய சிக்கல் பேருந்து. கூடையோடு ஏறினால் நாற்றம் என்பார்கள். 2021 மே மாதம் அரசு சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வயதான பெண்ணை நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காணொளியை ஊரே பார்த்தது. பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். டிக்கெட் இலவசமாவதும் இருக்கை கிடைப்பதும் வேறு வேறு.

கடலூரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது என்று எழுதியிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை அந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறது: இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அலை அங்கே படகின் அடியில் கடந்துபோனது. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். நீந்தவும் மரமேறவும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நனைந்த சேலை காலைக் கட்டியது. உடையைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசினால், சோறு தண்ணிக்கு வழியில்லாத இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு எண்களையும் தருகிறேன்.

கடைசி மூன்று நாட்கள் புதுக்கோட்டைக் கடலோரம். கட்டுமாவடியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். தூரம் கொஞ்சம்தான், ஒரு காலையில் ஓட்டிவிடலாம். மூன்று நாள் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். அறிவொளிக் காலத்தில் சைக்கிள் கற்றவர்களை அந்த ஊர்களில் தேடிப் பார்ப்பதற்குத்தான். அன்று இருபதுகளில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் ஆகியிருக்கும். கேட்க வேண்டியவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். யாரிடம் கற்றீர்கள்? முதலில் எங்கே போனீர்கள்? முழங்காலில் தழும்பு இருக்கிறதா? அந்த சைக்கிளை எப்போது விட்டீர்கள்? வீட்டில் அதை யார் எடுத்துக்கொண்டார்கள்?